கோஷா ஆஸ்பத்திரி கண்ட அம்மையார்: டாக்டர் மேரி ஷார்லீப்



நமதூரிலிருந்து சென்னைக்குப் பிழைப்புத் தேடிச் சென்று திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதிகளில் குடியமர்ந்த குடும்பங்களுக்குக் கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயரை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை என்பது அரசு ஏடுகளில் வழங்கும் பெயர். ஆட்டோ ஓட்டுநரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் வண்டி சரியான வாசலில் போய் நிற்கும். திரைக்குள் வாழ்ந்த பெண்களைக் கோஷாப் பெண்கள் என்று அழைத்த காலத்தில், அவர்களுக்கென்றே எழுந்த மருத்துவமனை அது. பெயர் நிலைத்துவிட்டது. அதைத் தோற்றுவித்தவரின் பெயரை மட்டும் நம்மவர் பலர் அறியார்.

இவ்வாண்டு மலரில் அவர் வாழ்க்கையை எழுத நாம் எண்ணியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் நாள்களில் கல்லூரிகளின் விண்ணப்பப் படிவங்களும் வீடுகளுக்கு வந்து சேருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வீடு முழுவதும் கூடிப் பேசுகிறது. அதே வீட்டில், பத்தோடு படிப்பை நிறுத்தி நிக்காஹ் முடித்துக் கொடுக்கப்பட்ட பெண்ணொருத்தி, தானும் விண்ணப்பித்தால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். இனிமேல் என்ன படிப்பு, பிள்ளைகள் வளர்ந்து விட்டார்களே என்று பதில் வருகிறது. பெரும்பாலும் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. திருமணமாகிப் பத்தாண்டு ஆன நிலையில், முப்பது வயதில், மூன்று குழந்தைகளின் தாயாக, அதுவரை பெண்ணொருத்தியும் மாணவியாக அடியெடுத்து வைத்திராத கல்லூரியின் வாசலில் நின்றவர் மேரி ஷார்லீப். அந்தக் கல்லூரி சென்னை மருத்துவக் கல்லூரி. ஆண்டு 1875.

அவர் நம் நாட்டவரல்லர், நம் மார்க்கத்தவரும் அல்லர். இங்கிலாந்தில் 1845-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். பிறந்த பத்தாம் நாள் தாயை இழந்தார். பாட்டனார் வீட்டில், மிகக் கண்டிப்பான மார்க்கப் பற்று நிலவிய சூழலில் வளர்ந்தார். பேறுகாலத்தில் தாய் இறந்துபோவது அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அன்றாட நிகழ்ச்சியாகவே இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் அவர் தேர்ந்தெடுத்த தொழிலுக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்று கருதுவது பிழையாகாது எனினும், அவரை அத்தொழிலுக்கு அழைத்து வந்தது இங்கிலாந்து அன்று, சென்னைப் பட்டணமே.

1865-இல் வில்லியம் ஷார்லீப் என்ற பாரிஸ்டரை மணந்தார். கணவர் சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய வந்ததால் 1866-இல் அவரும் இங்கு வந்து சேர்ந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் மனைவியர்க்கு அந்நாளைய சென்னையில் வாழ்க்கை எவ்வாறு அமைந்திருந்தது என்பது பலரும் எழுதிவைத்த செய்தி. ஏவலுக்கு ஆள், மாலையில் கடற்கரைச் சாரட்டு, வெயில் காலத்தில் நீலகிரி. மேரி அம்மையாரும் அவ்வாறே காலங்கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் கணவரின் தொழிலுக்குத் துணையாக எழுத்து வேலைகளில் உதவி வந்தார். வழக்கின் பொருட்டு வருவோர் போவோர் வாயிலாக நகரத்துக் குடும்பங்களின் செய்திகள் காதில் விழுந்தன. முஸ்லிம் இல்லங்களிலும் உயர்சாதி இந்து இல்லங்களிலும் பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பம் அவற்றுள் ஒன்று. பிள்ளை குறுக்கே நின்று இரண்டு நாள், மூன்று நாள் வலியில் துடித்தாலும், உதவிக்கு இருந்தவர் பரம்பரை மருத்துவச்சி ஒருவரே. சாதாரணப் பேறு என்றால் அவர் கை போதுமானது. சிக்கல் நேர்ந்துவிட்டால் அவரும் கையை விரித்துவிடுவார். நகரில் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. அரசாங்கப் பொது மருத்துவமனை இருந்தது. எழும்பூரில் 1844 முதல் பிரசவ ஆஸ்பத்திரியும் இருந்தது. ஆனால் மருத்துவர் அனைவரும் ஆண்கள். அந்நிய ஆடவர் கண்ணில் படுவதைக் காட்டிலும் இறப்பதே மேல் என்று அப்பெண்கள் எண்ணினர். அவர்கள் எண்ணாவிட்டாலும் வீட்டு ஆடவர்கள் அவ்வாறே முடிவு செய்தனர். இதை ஒளிக்காமல் சொல்வதுதான் நேர்மை.

இந்நிலையைக் கண்ட அக்கால ஐரோப்பியர் பலர் இதை மூடப்பழக்கம் என்று சொல்லி அத்துடன் கடந்து சென்றனர். அப்பெண்கள் திரையை விட்டு வெளியே வந்தால் அல்லவா மருந்து கொடுக்க முடியும் என்பது அவர்கள் வாதம். மேரி அம்மையார் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நோயாளி மருத்துவரிடம் வர இயலாதெனில், அந்நோயாளி ஏற்றுக்கொள்ளும் மருத்துவர் ஒருவரை அல்லவா ஆயத்தம் செய்ய வேண்டும்? அம்மருத்துவர் பெண்ணாக இருக்க வேண்டும். சென்னையில் அத்தகைய பெண் எவரும் இல்லை. ஆகவே தாமே அவ்வாறு ஆவது என்று துணிந்தார். நம் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் திறவுகோல் இதுவே. படிப்பின் மீது எழுந்த பொதுவான ஆசை அவரைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. தேவை கண்ணில் பட்டபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவே. இருபது வயதில் அவர் இத்தேவையை அறிந்திருக்க வழியில்லை.

முதலில் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பேறுகாலப் பணி பயின்றார். அது போதாது என்பது விரைவில் விளங்கிவிட்டது. மருத்துவச்சியின் வேலையைக் கற்றவரால் சிக்கலான பேற்றில் என்ன செய்ய முடியும்? மருத்துவமும் அறுவையும் முறையாகக் கற்றாக வேண்டும். அதற்குரிய கல்லூரியோ ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது.

அன்றைய உலக நிலையையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். எடின்பரோவில் மருத்துவம் பயில முனைந்த சோபியா ஜெக்ஸ்-பிளேக் முதலிய பெண்களை 1870-இல் ஆண் மாணவர்கள் கூட்டமாகத் திரண்டு வாசலில் மறித்துக் கூச்சலிட்டனர். அவர்களுக்கு அங்குப் பட்டம் மறுக்கப்பட்டது. அதன்பின் 1874-இல் இலண்டனில் பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ஆயினும் 1877 வரை அதன் மாணவியர் நோயாளிகளைக் கண்டு பயில ஒரு பொது மருத்துவமனையும் கதவு திறக்கவில்லை. பேரரசின் தலைநகரிலேயே இதுதான் நிலை. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1880-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த நிலையில்தான் சென்னையில் கதவு திறந்தது.

அதைத் திறந்து வைத்தவர்களுள் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரை நாம் குறிப்பிட்டே ஆக வேண்டும். அவர் நம் சமுதாயத்துக்கு அந்நியரல்லர். கர்நாடக நவாபின் அரசவையோடு அலுவல் முறையில் பழகியவர். இந்துஸ்தானி நன்கறிந்தவர். சென்னையில் முகமதியப் பொது நூலகம் உருவாகத் துணை நின்றவர். பேறுகால மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்றை இந்துஸ்தானியில் தாமே மொழிபெயர்த்ததோடு, தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளிலும் அது வெளிவரத் தம் கைப்பொருளைச் செலவிட்டவர். திரைக்குள் வாழும் பெண்கள் ஆண் மருத்துவரை நாட முடியாத நிலையை எடுத்துக்காட்டி, பெண்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்க வேண்டுமென்று 1872-இலேயே சென்னை அரசாங்கத்துக்கு எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து அதற்குப் பலன் கிடைத்தது. ஒரு வேண்டுகோள் மூன்றாண்டுகள் கோப்புகளில் கிடந்தது என்பதில் வியப்பொன்றும் இல்லை. அரசாங்க அலுவலகங்களோடு பழகிய நம் ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டால் அது விரைவு என்றே சொல்வார்கள்.

1875-இல் நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். மேரி ஷார்லீப் அவர்களுள் ஒருவர். ஒயிட், மிட்செல், பீல் என்ற பெயர்களுடைய மூவர் மற்றவர்கள். 1835-இல் ஒரு சிறு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில், நாற்பதாண்டுகள் கழித்துப் பெண்கள் முதன்முதலாக மாணவியராக அமர்ந்தனர்.

சேர்க்கை கிடைத்துவிட்டால் தடைகள் தீர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு அதன்பின்னரே அவை தொடங்கின. மருத்துவமனையில் அவர்கள் நடமாடுவதைத் தம்மால் தடுக்க இயலாது, ஆனால் அவர்களுக்குக் கற்பிக்கவும் தம்மால் இயலாது என்று மருத்துவ ஆசிரியர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கற்பிக்க மறுக்கும் ஆசிரியரின் பின்னால் படுக்கை படுக்கையாக நடந்து, அவர் பிறருக்குச் சொல்வதைக் காதில் வாங்கிக் கற்பது எத்தகைய அனுபவம் என்பதைப் படிப்போர் தாமே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு மாணவன் பதினெட்டு வயதில் இவ்வவமதிப்பைத் தாங்குவது ஒரு வகை. தம் வீட்டில் எசமானியாக இருந்து, கணவரின் நண்பர்களாகிய உயர் அதிகாரிகளுக்கு விருந்து படைத்த முப்பது வயதுப் பெண்மணி தாங்குவது முற்றிலும் வேறு. வயது வந்தபின் படிக்கப் போகிறவர்க்குப் பாடத்தைக் காட்டிலும் கடினமானது இதுவே என்று நாம் கருதுகிறோம்.

அவர் பயின்ற ஆண்டுகள் சாதாரண ஆண்டுகளும் அல்ல. நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய கொடும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய காலம் அது. அந்த மூன்றாண்டுகளில் அவர் வீட்டையும் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பிணக்கூறு ஆய்வு முதல் பேறுகால மருத்துவம் வரை கற்று, 1878-இல் மருத்துவம், அறுவை, பேறுகாலம் ஆகிய மூன்றுக்கும் உரிய உரிமச் சான்றிதழைப் பெற்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அவர் வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது, பிள்ளைகளைக் கவனிக்க ஆயா இருந்தார். கணவரின் வருமானம் தட்டில்லாதது. நமதூர்ப் பெண்ணொருத்தி, பீடி சுற்றிக்கொண்டோ தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தோ குடும்பத்துக்குத் துணை நின்று, இரவில் பிள்ளைகள் உறங்கியபின் பாடநூலை விரிப்பதற்கும் அவருடைய நிலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு. அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை என்று யாரையும் கேட்க இவ்வரலாற்றைப் பயன்படுத்துவது அநீதியாகும். அவருக்கு இருந்த துணைகளுள் நம் இல்லங்களால் கொடுக்க முடிந்தவை எவை என்று பார்ப்பதற்கு மட்டும் இது உதவும்.

அத்துணைகளுள் முதன்மையானவர் கணவர். சென்னைச் சான்றிதழோடு நின்றுவிட அம்மையார் விரும்பவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1878-இல்தான் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்திருந்தது. அவ்வாண்டே பிள்ளைகளுடன் கப்பலேறி இலண்டன் சென்று, பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் மீண்டும் மாணவியானார். கணவர் தொழிலின் பொருட்டுச் சென்னையில் தங்கிவிட்டார். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் இல்லறம் கடலுக்கு அக்கரையும் இக்கரையுமாக நடந்தது. வளைகுடா நாடுகளுக்கு ஆண்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்து பழகிய நம் குடும்பங்களுக்கு இப்பிரிவின் கனம் நன்றாகத் தெரியும். ஒரு வேறுபாடுதான்: இங்கே காத்திருந்தவர் கணவர். வருவாய்க்காக அல்ல, மனைவியின் படிப்புக்காகக் காத்திருந்தார். வில்லியம் ஷார்லீப்பைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. நாம் இரண்டு வரிகளாவது எழுத வேண்டும் என்று எண்ணினோம்.

இலண்டனில் அவர் பெற்ற வெற்றிகளை விரிக்கப் புகுந்தால் பக்கங்கள் போதா. 1882-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தைப் பெற்ற முதல் இரு பெண்களுள் ஒருவரானார். மற்றவர் ஈடித் ஷோவ். பேறுகால மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் உதவித்தொகையும் மேரி அம்மையாருக்கே கிடைத்தன. அப்போது வயது முப்பத்தேழு. பின்னர் வியன்னா நகருக்குச் சென்று பேறுகால அறுவை முறைகளை மேலும் பயின்றார்.

1883-இல் சென்னைக்குத் திரும்பும் முன் விக்டோரியா மகாராணியாரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. இந்தியப் பெண்கள் மருத்துவ உதவியின்றி மடிவதை அவர் நேரிலேயே எடுத்துரைத்தார். மகாராணியார் அக்கறையோடு கேட்டதோடு, பின்னர் சென்னையில் எழுந்த மருத்துவமனைக்குத் தம் பெயரைச் சூட்டவும் இசைந்தார். 1885-இல் வைசிராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வாயிலாக உதவி கிடைக்க நாடளாவிய நிதியம் ஒன்றை ஏற்படுத்தினார். அதன் பின்னணியிலும் மகாராணியாரின் ஊக்கம் இருந்தது.

சென்னையில் அப்போது கிராண்ட் டஃப் ஆளுநர். அவரும் அவர் மனைவியாரும் ஆதரவு தந்தனர். 1885-இல் நுங்கம்பாக்கத்தில் மூர்ஸ் கார்டன் என்ற தோட்ட வீட்டில், கோஷாப் பெண்களுக்கும் உயர்சாதிப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை தொடங்கியது. பெண் நோயாளிக்குப் பெண் மருத்துவர் என்பதே அதன் அடிப்படை. ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்று சொல்லி இல்லத்துக்குள்ளேயே மகளை இழந்த தந்தைமார்கள் சொல்லி வந்த காரணம், அந்த வாசலில் பொருளிழந்து போயிற்று. திருவல்லிக்கேணி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் இம்மருத்துவமனையைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டன. கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயர் இன்றளவும் அழியாததே அதற்குச் சாட்சி.

பெயரில் உயர்சாதி என்ற சொல் இருந்ததை இன்று படிக்கும்போது நமக்கு நெருடுகிறது. நெருட வேண்டியதுதான். ஒடுக்கப்பட்ட பெண்களும் பேறுகாலத்தில் மடிந்துகொண்டுதான் இருந்தனர். அவர்களுக்குப் பொது மருத்துவமனை இருக்கிறது என்ற எண்ணத்தில் அக்காலத்தவர் அமைதியடைந்தனர் போலும். அம்மையாரின் நற்பணியைச் சொல்லும்போது இக்குறையையும் சேர்த்தே சொல்கிறோம்.

மருத்துவமனைப் பணியோடு, தமக்குக் கற்பிக்க மறுத்த ஆசிரியர் இருந்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகவும் அவர் பணியாற்றினார். எனினும் சென்னையின் வெப்பமும் ஓயாத உழைப்பும் உடலை நலியச் செய்தன. 1887-இல் இங்கிலாந்துக்குத் திரும்ப நேர்ந்தது. ஆகவே இன்று நாம் காணும் சேப்பாக்கத்துக் கட்டடம் எழுந்தபோது அவர் இங்கில்லை. அரசாங்கம் அளித்த அந்நிலத்துக்கு மருத்துவமனை 1890-இல் மாறியது. கட்டடத்துக்காக வெங்கடகிரி அரசர் ஓர் இலட்ச ரூபாய் வழங்கினார். அந்நாளில் ஓர் இலட்சம் என்பது எத்தகைய தொகை என்று சொல்லத் தேவையில்லை. நவாப்புகள் வாழ்ந்த சேப்பாக்கம் அரண்மனைக்கும் வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கும் அருகில், முஸ்லிம் பெண்கள் பல்லக்கிலோ மூடுவண்டியிலோ தொலைவின்றி வந்து சேரத்தக்க இடம் அது. 1921-இல் அரசாங்கம் மருத்துவமனையைத் தன் பொறுப்பில் ஏற்றது. விடுதலைக்குப் பின், 1948-இல் அன்னை கஸ்தூரிபாவின் பெயர் சூட்டப்பட்டது.

இங்கிலாந்து சென்றபின்னும் அம்மையார் மாணவியாகவே இருந்தார் என்று சொல்வதில் தவறில்லை. 1888-இல், நாற்பத்து மூன்றாம் வயதில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அம்மையார் தோற்றுவித்த மகளிர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1902-இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவராக அமர்த்தப்பட்டார். 1920-இல் நீதிபரிபாலனப் பொறுப்பேற்ற முதல் பெண்களுள் ஒருவராகவும் விளங்கினார். தம் நினைவுகளை நூலாக எழுதி 1924-இல் வெளியிட்டபோது அவருக்கு எழுபத்தொன்பது வயது நெருங்கிவிட்டது. 1926-இல் அரசு அவருக்கு டேம் என்னும் உயர் விருதளித்துச் சிறப்பித்தது.

அவர் திறந்த கதவு வழியே பின்னர் எத்தனையோ பெண்கள் வந்தனர். 1907-இல் புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார் அதே கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானது தமிழகம் நன்கறிந்த வரலாறு. சேப்பாக்கத்துக்கு அடுத்த கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவையர்க்கு விடுதி நடத்திய சகோதரி சுப்புலட்சுமி, வயது வந்த பெண்களும் படிக்க வேண்டுமென்று 1927-இல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார். கணவரை இழந்து, வயதும் கடந்துவிட்டதாகக் கருதப்பட்ட பெண்கள் அங்கு அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தனர்.

நம் காலத்துச் செய்தி ஒன்றையும் இங்கு இணைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எழுத, பொதுப் பிரிவினர்க்கு இருபத்தைந்து வயது, இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு முப்பது வயது என்ற உச்ச வரம்பு சில ஆண்டுகளுக்கு முன் விதிக்கப்பட்டது. வழக்குகள் நீதிமன்றங்களில் நடந்தன. அவ்வரம்பு தேவையில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் முடிவெடுத்தது 2022-இல் அறிவிக்கப்பட்டது. பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பு மட்டுமே நீடித்தது. இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் மேரி ஷார்லீப் விண்ணப்பித்திருந்தால், 1875-இல் அவருக்குக் கிடைத்த இடம் கிடைத்திருக்காது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த விதி, பெண்களையே கண்டிராத கல்லூரியைக் காட்டிலும் கடுமையாக இருந்திருக்கிறது!

மருத்துவம் எல்லோர்க்கும் உரியதன்று. நமதூரில் கேள்வி பெரும்பாலும் ஓர் இளங்கலைப் பட்டத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964 முதல் நடந்து வருகிறது. மேலகரத்திலிருந்து நடந்தே போகலாம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நாள்தோறும் வகுப்புக்குச் செல்ல இயலாதவர்க்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் தொலைநிலைக் கல்வியும் இருக்கின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தோன்றின. வீட்டிலிருந்தபடியே ஐந்து வேளைத் தொழுகையும் அடுப்பங்கரையும் தவறாமல் படிக்கலாம் என்று சொல்லிப் பெண்களை ஊக்குவிப்போர் உண்டு. அடுப்பங்கரையை வீட்டார் சிறிது நேரம் பகிர்ந்துகொண்டால் அப்படிப்பு முடியும் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.

நாம் இக்கட்டுரைக்குச் செய்தி திரட்டிய நாள்களில், சென்னையில் வாழும் நமதூர்க் குடும்பங்களைச் சேர்ந்த மூத்த பெண்மணிகள் சிலரிடம் பேச்சுக் கொடுத்தோம். தம் பிள்ளைகள் பிறந்த இடம் கோஷா ஆஸ்பத்திரி என்று சிலர் சொன்னார்கள். வார்டின் ஓதமேறிய சுவர், தாதிமாரின் கடுமை, வாப்பாமார் வெளியே மரத்தடியில் காத்துக் கிடந்தது ஆகியவை அவர்கள் நினைவில் இருந்தன. யார் கட்டியது என்று கேட்டதற்கு ஒருவர் நவாப் என்றார், மற்றொருவர் வெள்ளைக்கார ராணி என்றார். முப்பது வயதில் படிக்கப் போன ஓர் அம்மா என்று நாம் சொன்னபோது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதே அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஆயா இருந்தார் என்றோம். அதானே என்று சிரித்தார் மூத்தவர். சற்றுப் பொறுத்து, அவருடைய மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். வில்லியம் ஷார்லீப் சென்னையில் தனித்திருந்த ஐந்தாண்டுகளைப் பற்றி விரிவாகச் சொன்னோம். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் மேரி ஷார்லீப் 1930-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து.